வழியோரக் கற்கள்: திருப்பூர் வட்டாரத்தில் நாம் படிக்காமல் கடந்துபோகும் வரலாறு

திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வருபவர் முதலில் கேட்கும் பெயர்களில் ஒன்று 'குமரன் ரோடு'. அந்தச் சாலையில் பனியன் மூட்டை ஏற்றிய வண்டிகளும் ஷிப்ட் முடிந்து திரும்பும் தொழிலாளர்களும் காலை முதல் இரவு வரை போய்க்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பெயருக்குரிய குமரனின் நினைவகமும் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது.

ஒரு விடுமுறை நாளில் மக்தப் பிள்ளைகள் சிலரை அங்கே அழைத்துச் சென்றோம். "குமரன் யார்?" என்று கேட்டபோது, "கொடி காத்தவர்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எந்தக் கொடி, எந்த ஆண்டு, யார் அடித்தார்கள் என்று கேட்டபோது பதில் வரவில்லை. அவர்களில் ஒரு சிறுவன் பீகாரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. தமிழ் நன்றாகப் பேசுவான், ஆனால் படிக்க இன்னும் வராது. அவன் எழுத்துகளைக் காட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது, ஹஜ்ரத்?" என்று கேட்டான்.

மற்ற பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரிந்தும் கேட்கத் தோன்றாத கேள்வி அது. வழியோரத்தில் நிற்கும் நினைவுக் கற்கள் எதற்காக நடப்பட்டன, யாருக்காக நடப்பட்டன, அவற்றில் நமக்கு என்ன பொறுப்பு இருக்கிறது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

1932 ஜனவரியில் நடந்தது என்ன?

குமரனின் இயற்பெயர் குமாரசாமி. 1904 அக்டோபர் 4 அன்று சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். பிழைப்புக்காகத் திருப்பூருக்கு வந்து பஞ்சு மில்லில் வேலை பார்த்தார். தேசபந்து வாலிபர் சங்கத்தில் சேர்ந்து விடுதலை இயக்கப் பணிகளில் ஈடுபட்டார்.

1932 ஜனவரி 4 அன்று காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். சட்டமறுப்பு இயக்கம் மீண்டும் எழுந்தது. ஆங்கில அரசு ஊர்வலங்களையும் தேசியக் கொடியையும் தடை செய்தது. அந்தத் தடையை மீறி ஜனவரி 10 அன்று திருப்பூரில் ஒரு சிறு ஊர்வலம் புறப்பட்டது. போலீஸ் தடியடி நடத்தியது. மண்டை உடைந்து கீழே விழுந்த நிலையிலும் குமரன் கையிலிருந்த கொடியை விடவில்லை. மறுநாள் 11-ஆம் தேதி உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 27.

அவர் தலைவராகப் பிறந்தவர் அல்லர். ஊர்விட்டு ஊர் வந்து மில்லில் கூலிக்கு உழைத்த ஒரு தொழிலாளி. இன்று அதே சாலையில் நடக்கும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைப் போன்றவர். இந்த ஒரு செய்தி அந்தப் பீகார் சிறுவனுக்குச் சொல்லப்பட்டால் போதும், குமரன் அவனுக்கு அந்நியராகத் தெரியமாட்டார். 2004-ல், குமரனின் நூற்றாண்டில், இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. ஆனால் தபால்தலையும் சிலையும் பெயரை மட்டுமே காப்பாற்றும். பெயருக்குப் பின்னால் உள்ள செய்தியை ஒவ்வொரு தலைமுறைக்கும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கல் நடுவது எதற்காக?

"கல்லுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று நம் சகோதரர்களில் சிலர் கேட்பதுண்டு. கேள்வியின் பின்னால் இருக்கும் மார்க்கப் பேணுதலை நாம் மதிக்கிறோம். ஆனால் அடையாளம் வைப்பது வேறு, வழிபடுவது வேறு. நபித்தோழர் உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களை அடக்கம் செய்தபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு கல்லைத் தாமே தூக்கி வந்து கப்ரின் தலைமாட்டில் வைத்தார்கள். தம் சகோதரரின் கப்ரை அடையாளம் கண்டுகொள்வதற்காக என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள். இச்செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு சொல்: அறிந்துகொள்ளுதல். பின்னால் வருபவர் இடத்தை அறிய வேண்டும், ஆளை அறிய வேண்டும், தூரத்தை அறிய வேண்டும். அதற்குமேல் அந்தக் கல்லுக்கு எந்தச் சக்தியும் இல்லை. இந்த வரம்போடு பார்த்தால் வழியோரக் கல் என்பது முன்னால் போனவர் பின்னால் வருபவருக்காக விட்டுச் செல்லும் அமானிதம்.

கொங்கு நாட்டின் வழியோரக் கற்கள்

கொங்கு மண்டலம் பழங்காலத்திலிருந்தே வழிப்போக்கர்களின் நாடு. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே கரூர் நோக்கிச் சென்ற வணிகப் பாதை நொய்யல் ஆற்றுப் பள்ளத்தாக்கைத் தொட்டுச் சென்றது. சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் மணிக்கற்களை அறுத்துப் பட்டை தீட்டிய தொழிற்கூடங்களும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ் பிராமி எழுத்துகள் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புவது இந்த மண்ணுக்குப் பனியனோடு வந்த பழக்கம் அல்ல.

இப்படிப்பட்ட நாட்டில் வழியோரக் கற்கள் பல வகையாக நின்றதில் வியப்பில்லை. முக்கியமானவற்றை மட்டும் இங்கே சொல்கிறோம்.

முதலாவது பெருவழிக் கல்வெட்டு. கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் ஒரு பாறையில் 'இராசகேசரிப் பெருவழி' என்ற பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்தக் கல்வெட்டில் தமிழ் எழுத்தும் வட்டெழுத்தும் இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. அந்த வழியில் இரு எழுத்து மரபினரும் நடமாடினார்கள். கல்லும் அதற்கேற்பவே அமைந்தது.

இரண்டாவது தூரக் கல். தருமபுரிப் பகுதியில் கிடைத்த 'அதியமான் பெருவழி' கற்கள் 700 ஆண்டுகளுக்கும் மேல் பழைமையானவை. நாவல்தாவளம் என்ற ஊருக்கு இன்னும் எத்தனை காதம் என்பதை அவை சொல்கின்றன. ஒரு கல்லில் 29 காதம் என்று எழுத்தில் இருப்பதோடு, இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டப்பட்டிருக்கின்றன. பெரிய குழி ஒன்றுக்குப் பத்து, சிறிய குழி ஒன்றுக்கு ஒன்று. எழுத்து அறியாதவரும் விரலை வைத்து எண்ணித் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். இருட்டில் வருபவர்கூடத் தடவிப் பார்த்து அறியலாம்.

மூன்றாவது நடுகல். ஆநிரை மீட்கும் பூசலில் இறந்தவர்களுக்கும், ஊரைக் காக்கப் புலியோடு போராடி இறந்தவர்களுக்கும் நட்ட கற்கள் கொங்குப் பகுதியில் இன்றும் வயல் வரப்புகளிலும் சாலை ஓரங்களிலும் நிற்கின்றன. புலியை எதிர்த்து நிற்கும் வீரனைச் செதுக்கிய கல்லைப் 'புலிகுத்திக் கல்' என்பார்கள்.

நான்காவது சுமைதாங்கிக் கல். இரண்டு கற்களை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்காக வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவி இல்லாமல் சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறிவிட்டு மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். பெரும்பாலும் கர்ப்பிணியாக இருக்கும்போதோ பிரசவத்திலோ இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் அதை வைத்தார்கள். அவளால் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை நினைத்து, வருவோர் போவோரின் சுமையை இறக்க இடம் செய்தார்கள். வழியில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் தர்மம் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் இந்தக் கல்லை வைத்தவர்களின் மனதை நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

ஐந்தாவது, நாம் தினமும் பார்க்கும் கிலோமீட்டர் கல். கிலோமீட்டர் கணக்கு வந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் மக்கள் வாயில் அது 'மைல் கல்'தான். மஞ்சள் தலை இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை இருந்தால் மாநில நெடுஞ்சாலை. இங்கும் எழுத்துக்கு முன்னால் நிறம் பேசுகிறது.

முஸ்லிம் உலகின் வழிக் கற்கள்

வழியில் கல் நடும் மரபு நமது வரலாற்றிலும் ஆழமாக இருக்கிறது. உமைய்யா கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் (ஆட்சி கி.பி. 685–705) டமாஸ்கஸுக்கும் ஜெரூசலேமுக்கும் இடையிலான பாதைகளைச் சீர்செய்து மைல் கற்களை நட்டார். அவற்றில் சில இன்றும் கிடைத்துள்ளன. டமாஸ்கஸிலிருந்தோ, அன்று ஈலியா என்று அழைக்கப்பட்ட ஜெரூசலேமிலிருந்தோ எத்தனை மைல் என்பதைத் தொடக்க கால அரபு எழுத்தில் அவை தெரிவிக்கின்றன. அரபு எழுத்தின் வளர்ச்சியை ஆராய்பவர்களுக்கு அவை இன்று முதல்தரச் சான்றுகள். வழிப்போக்கருக்காக வைத்த கல் 1300 ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளருக்கும் வழி காட்டுகிறது.

கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் ஹஜ் பாதை 'தர்ப் ஸுபைதா' என்று அழைக்கப்படுகிறது. கலீஃபா ஹாரூன் அல்ரஷீதின் துணைவியார் ஸுபைதா பாலைவனத்தில் கிணறுகளையும் நீர்த்தொட்டிகளையும் அமைத்ததால் அந்தப் பாதைக்கு அவர் பெயர் நிலைத்தது. அப்பாதையிலும் தூரம் காட்டும் கற்கள் இருந்தன.

வட இந்தியாவில் ஷேர்ஷா சூரி (ஆட்சி 1540–1545) தொடங்கி முகலாயர்கள் தொடர்ந்த 'கோஸ் மினார்'கள் புகழ்பெற்றவை. ஏறத்தாழ 3 கிலோமீட்டருக்கு ஒன்றாக, தொலைவிலிருந்தே தெரியும் உயரத்தில் அவை எழுப்பப்பட்டன. அவற்றில் ஒன்று இன்று டெல்லி உயிரியல் பூங்காவுக்குள் நிற்கிறது. சாலை இடம் மாறிவிட்டது, கல் மட்டும் மாறவில்லை. பழைய பெருஞ்சாலை எந்த வழியாகப் போனது என்று அறிய அந்தக் கல்தான் சாட்சி.

இதனால்தான் சாலை விரிவாக்கத்தின்போது பழைய கல்லைப் பிடுங்கி ஓரமாகப் போடுவது பெரிய இழப்பாகிறது. கல் கிடைத்தாலும் அது நின்ற இடம் போய்விடும். இடம் போய்விட்டால் பாதி வரலாறு போய்விடும்.

கல்லில் ஏற வேண்டிய செய்திகள்

திருப்பூரில் பனியன் தொழில் எப்படித் தொடங்கியது? 1925-ல் எம்.ஜி. குலாம் காதர் என்பவர் தொடங்கிய 'பேபி நிட்டிங்' ஆலையே இங்கு முதல் பின்னலாடை ஆலை என்று இத்தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கையால் சுற்றும் இயந்திரங்களில் உள்பனியன் நெய்யத் தொடங்கிய ஊர், இன்று உலகின் பல நாடுகளுக்கு டி-ஷர்ட் அனுப்புகிறது. 2025-ல் அந்தத் தொடக்கத்துக்கு 100 ஆண்டுகள். நாம் அன்றாடம் நடக்கும் சாலைகளில் அவர் பெயர் தாங்கிய பலகை எதுவும் நம் கண்ணில் பட்டதில்லை. நமது ஜமாஅத் இளைஞர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் பெரும்பாலோர் முதல் முறையாகக் கேட்கிறார்கள்.

அதேபோல், 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான்கு மாதங்களுக்கும் மேல் கூலி இல்லாமல் குடும்பங்கள் எப்படித் தாங்கின என்பதை நேரில் அறிந்தவர்கள் இன்று முதியவர்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

பெருமைக்குரியவை மட்டும் வரலாறு ஆகாது. நொய்யலில் சாயக்கழிவு கலந்தது, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்த நீர் தேங்கி விவசாயம் பாழானது, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது ஆகியவையும் நமது வரலாறுதான். ஆற்றங்கரையில் இதைச் சொல்லும் ஒரு கல் நின்றால், அடுத்த தலைமுறை அதே தவறைச் செய்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்கும்.

பொறிப்பதற்கு முன் விசாரிப்போம்

இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுதந்திரப் போராட்டத்தில் முஸ்லிம்களின் பங்கு பற்றிய நீண்ட பட்டியல்கள் ஆகஸ்டு மாதம் வந்தால் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அவற்றில் உண்மையும் இருக்கிறது, ஆதாரம் இல்லாத எண்ணிக்கைகளும் இருக்கின்றன. உணர்ச்சியோடு நாம் அவற்றைப் பரப்புகிறோம். எதிர்த்தரப்பார் ஒரு தவறைக் கண்டுபிடித்தால் போதும், உண்மையான தியாகிகளின் பெயர்களையும் சேர்த்துப் பொய் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நாம் கௌரவிக்க நினைத்தவர்களுக்கு நாமே இழைக்கும் அநீதி அது.

ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை ஏற்பதற்கு முன் அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா என்று ஆராய்கிறோம். வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி குர்ஆனே (49:6) கட்டளையிடுகிறது. ஊர் வரலாற்றை எழுதும்போது மட்டும் அந்தப் பயிற்சியை ஏன் மறந்துவிடுகிறோம்?

லண்டனில் புகழ்பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளில் நீல நிற வட்டப் பலகை பதிக்கும் வழக்கம் 1860-களில் தொடங்கியது. அதற்கு இன்று கண்டிப்பான விதிகள் உண்டு. சம்பந்தப்பட்டவர் இறந்து 20 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். அவர் வாழ்ந்த கட்டடம் இன்றும் இருக்க வேண்டும். உணர்ச்சி அடங்கிய பின் ஆதாரத்தோடு முடிவெடுப்பதே அதன் நோக்கம். நாமும் இதைப் பின்பற்றலாம். பத்திரம், நீதிமன்ற ஆவணம், அக்காலப் பத்திரிகைச் செய்தி, ஜமாஅத் பதிவேடு ஆகியவற்றில் ஒன்றாவது இல்லாமல் எந்தப் பெயரும் கல்லில் ஏறக் கூடாது. காகிதத்தில் செய்த தவறைத் திருத்திவிடலாம். கல்லில் செய்த தவறு நூறு ஆண்டுகள் நின்று பொய் சாட்சி சொல்லும்.

நாம் செய்யக்கூடியவை

இதற்குப் பெரிய பணமோ அமைப்போ தேவையில்லை. ஒவ்வொரு மஹல்லாவும் செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு.

முதலில் நமது பள்ளிவாசலிலிருந்தே தொடங்கலாம். பழைய பள்ளிகளில் கட்டிய ஆண்டு, இடத்தை வக்ஃப் செய்தவர் பெயர் ஆகியவற்றைச் சொல்லும் கல் பெரும்பாலும் இருக்கும். புதுப்பிக்கும்போது அதன்மேல் சுண்ணாம்பு அடிப்பதோ, டைல்ஸ் ஒட்டி மறைப்பதோ கூடாது. இடிக்கும் முன் போட்டோ எடுத்து, அளவையும் இடத்தையும் குறித்து வைத்து, புதுக் கட்டடத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் பதிக்க வேண்டும். வக்ஃப் சொத்து வழக்குகளில் இத்தகைய கல் சான்றாகவும் உதவக்கூடும்.

ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருந்தால் அதை 0.97 ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் தோராயமான ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஹிஜ்ரி 1343 என்று இருந்தால் விடை 1924-ன் பிற்பகுதி என வரும். அந்த ஹிஜ்ரி ஆண்டு 1924 ஆகஸ்டு முதல் 1925 ஜூலை வரை நீடித்தது.

அடுத்து, ஊருக்குள் இருக்கும் நடுகல், சுமைதாங்கி, பழைய மைல் கல் எந்தச் சமூகத்துடையதாக இருந்தாலும் அது நம் எல்லோருடைய வரலாறு. சாலை வேலை தொடங்குகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். எழுத்து உள்ள கல்லைக் கம்பியால் சுரண்டுவதும், எழுத்துக்கு மேல் பெயின்ட் பூசுவதும் அதை அழிப்பதற்குச் சமம். தூசியை மென்மையான பிரஷால் துடைத்துவிட்டு, வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ போட்டோ எடுத்தால் எழுத்து தெளிவாகத் தெரியும்.

மூன்றாவதாக, முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். செல்போன் இல்லாத வீடு இல்லை. பேசுபவரின் பெயர், வயது, தேதி, அவர் நேரில் பார்த்ததா கேள்விப்பட்டதா என்ற நான்கையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்ல வைக்க வேண்டும். இதுவே நமது இஸ்னாத்.

நான்காவதாக, புதிதாகப் பலகை வைப்பவர்கள் அதை யார் படிக்கப்போகிறார்கள் என்று யோசிக்க வேண்டும். இன்று திருப்பூரின் ஆலைகளில் ஒடிசா, பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்காளம், அசாம் என்று பல மாநிலத்தவர் உழைக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் நமது பள்ளிகளிலும் மக்தபுகளிலும் படிக்கிறார்கள். தமிழ் முதலில் பெரிதாக இருக்கட்டும். அதன்கீழ் இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும் இரண்டு வரிகள் சேர்க்க எவ்வளவு செலவாகிவிடும்? எழுத்து அறியாதவருக்காகக் கல்லில் குழி வெட்டியவர்களின் மண் இது.

அன்று அந்தச் சிறுவனுக்குக் குமரனின் வரலாற்றை முழுவதும் சொன்னோம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க அத்தா மாதிரி அவரும் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவரா?" என்று கேட்டான். ஆமாம் என்றோம். இப்போது புதிதாக யாராவது மக்தபில் சேர்ந்தால் அவர்களுக்கு அந்த வரலாற்றை அவனே சொல்கிறான். கல் செய்ய வேண்டிய வேலையும் இதுதான். நம் ஊரின் ஒவ்வொரு கல்லுக்கும் அப்படிச் சொல்லும் ஒருவரையாவது உருவாக்குவோம், இன்ஷா அல்லாஹ்.